பராகுவே அடித்த இரண்டு பத்திரிகை

லண்டனில் நான் பார்த்தவற்றில் பாதியைக் காய்கறி வேன் ஒன்றின் முன்சீட்டில் இருந்து பார்த்தேன். மீதிப் பாதியை ஒரு பள்ளிக்கூட அரங்கின் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். அரண்மனை எப்படி இருந்தது, மணிக்கூண்டு எப்படி இருந்தது என்று திருச்சியில் கேட்டவர்களிடம், காலண்டரில் இருப்பது போலவேதான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை.

நான் சரித்திர டீச்சர். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த பிருந்தாவுக்கு லண்டனில் நடக்கும் மாதிரி ஐ.நா. மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து, உலகப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்மானம் எழுதி, பேரம் பேசி, ஓட்டெடுக்கிற கூத்து அது. துணைக்குப் போக வேண்டிய இங்கிலீஷ் டீச்சர் படியில் கால் பிசகி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். அவரை விட்டால் பாஸ்போர்ட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். என் தகுதி அவ்வளவே.

பிருந்தாவுக்கு ஒதுக்கப்பட்ட நாடு பராகுவே. அவள் அப்பா பாலக்கரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். அந்த மனிதர் வழியனுப்ப வந்தபோது, பராகுவே நல்ல நாடுதானா, சண்டை சச்சரவு இல்லாத இடமா என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார். லண்டனுக்குத்தான் போகிறோம் என்று இரண்டு தடவை சொன்னேன். பாதிதான் நம்பினார்.

தங்கியது லண்டனின் கிழக்கு ஓரத்தில் உள்ள குட்மேய்ஸில். எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அக்கா மங்கையும் அத்தான் தேவராசாவும் அங்கே மளிகை, காய்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். தேவராசா ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அதனால் இங்கிலாந்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஜெர்மனி ஒசத்தி. இங்கே ரயிலும் ஓடாது, பாணும் பாண் இல்லை என்பார். ரொட்டியைத்தான் பாண் என்கிறார்கள். ஆமாம் என்பதற்கு ஓம். அவர் சாப்பிடுகிற ஜெர்மன் பாண் கறுப்பாக, செங்கல் கனத்தில் இருந்தது. அதைத் தேங்காய்ச் சம்பலோடு மென்றுகொண்டே உலக அரசியல் பேசினார்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குச் செலவாகிற தேங்காய் அந்த ஒரு வேளைக்குள் இருந்தது. போதும் என்று நான் சொல்லச் சொல்ல மங்கை அக்கா போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் போதும் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை என்று பிறகுதான் புரிந்தது.

மாநாட்டில் என்ன தலைப்பு என்று தேவராசா கேட்டார். தஞ்சம் கேட்டு வருகிறவர்களை நாடுகள் எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி என்றாள் பிருந்தா. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நீங்கள் பேசப்போறது என்னைப் பற்றி. என்னட்டைக் கேக்காமல் எழுதேலுமோ?"

அதன் பிறகு பிருந்தாவுக்குத் தூக்கம் போயிற்று. தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லி அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். முகாமில் சூப்பை ஆற வைத்துக் கொடுக்கக்கூடாது என்று ஒரு பிரிவு. விசாரணைக்குக் காத்திருக்கும் இடத்தில் முதுகு சாய்கிற நாற்காலி போட வேண்டும் என்று ஒரு பிரிவு. மொழிபெயர்க்க வருகிறவன் சொந்தக் கதையைச் சேர்க்கக்கூடாது என்று இன்னொன்று. இப்படியே போனால் புது அரசியல் சட்டமே எழுதிவிடுவார் என்று மங்கை அக்கா அடுக்களையில் இருந்து சொன்னார். பிருந்தா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

கடைசியாகத் தேவராசா ஒன்று சொன்னார். அதற்கு நாங்கள் சிரிக்கவில்லை.

"அப்பா மோசம் போன நேரம் நான் ஜெர்மனியிலை. அகதிக் கேஸ் முடியேல்லை. முடியுமட்டும் நாட்டை விட்டு அசையேலாது, அசைஞ்சா திரும்பி வரேலாது. நான்தான் மூத்தவன், கொள்ளி வைக்க வேண்டினவன். அண்டைக்கு நான் ஒரு ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவினனான்." தட்டைத் தள்ளி வைத்தார். "மற்றதெல்லாம் விடு பிள்ளை. இதை மட்டும் எழுது. தாய் தேப்பன் செத்தா, போய்க் காரியம் செய்துபோட்டு வர விடவேணும்."

பிருந்தா எழுதினாள். அந்த நேரத்திலிருந்து எங்கள் லண்டன் பயணத்துக்கு அந்த ஒரு பிரிவுதான் வேலை என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் ரயிலில் ஏறினோம். வண்டி நேரத்துக்கு வந்தது, உட்கார இடம் கிடைத்தது, கூட்டமே இல்லை. ஜெர்மனிக்காரருக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நகரத்துக்குப் போகிற வண்டியில் காலை வேளையில் ஏன் கூட்டம் இல்லை என்று யோசித்திருக்க வேண்டும். வண்டி நகரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. வயலும் குதிரையும் தெரிந்தபோதுதான் பிருந்தா, "மிஸ், லண்டன்ல இவ்ளோ குதிரை இருக்குமா?" என்று கேட்டாள். எதிரே இருந்த கிழவர் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அடுத்த நிலையத்தில் அவரே இறங்கி, எங்களை எதிர்ப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மன்னிப்பும் கேட்டார். தப்பு செய்தது நாங்கள், மன்னிப்பு கேட்டது அவர். அந்த ஊரில் இது சகஜம்.

மாநாடு ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். பராகுவே தாமதமாக உள்ளே நுழைந்ததைத் தலைவர் குறித்துக்கொண்டார். தலைவர் என்றால், கல்லூரியில் படிக்கும் ஒல்லியான பையன், கையில் மரச்சுத்தியல். அங்கே யாரும் நான் என்று சொல்லக்கூடாது, நாட்டின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். "பராகுவேக்குக் கழிப்பறைக்குப் போக அனுமதி வேண்டும்" என்று பிருந்தா எழுந்து கேட்டதையும், "பராகுவே போகலாம்" என்று தலைவர் கம்பீரமாகச் சொன்னதையும் என் காதால் கேட்டேன்.

தீர்மானம் எழுதுவது எப்படி என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. முழுத் தீர்மானமும் ஒரே வாக்கியம். முதலில் வருத்தப்பட வேண்டும், கவலைப்பட வேண்டும், பழைய ஒப்பந்தங்களை நினைவுகூர வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் சுவாமி பெயர், கோத்திரம், தாத்தா பாட்டி எல்லாம் வந்த பிறகு விஷயத்துக்கு வருவது போலத்தான். அதற்கு அப்புறம் பிரிவு பிரிவாக என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வினைச்சொல் உண்டு. வலியுறுத்துகிறது என்றால் கடுமை, கேட்டுக்கொள்கிறது என்றால் நடுத்தரம், பரிசீலிக்க அழைக்கிறது என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

சபையில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. ஒன்றுக்கு நார்வே தலைமை. நார்வேயாக வந்தவன் எண்ணெய் வைக்காமலே தலைமுடி படிந்திருக்கிற ஒரு ஆங்கிலேயப் பையன். இன்னொன்றுக்கு எகிப்து. எகிப்தாக வந்தவள் பேசும்போது பேனாவால் மேஜையைக் குத்துகிற பெண். இருவரும் எழுதி வைத்திருந்தது ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கவில்லை. பிருந்தா இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து தன் பிரிவைச் சொன்னாள். நார்வே, வலியுறுத்த வேண்டாம், அழைப்போம் என்றான். எகிப்து ஒரே கேள்வி கேட்டாள்: ஊருக்குப் போய்விட்டு வர முடியும் என்றால் அந்த ஆளுக்கு அங்கே ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?

பிருந்தா கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் அதை அப்படியே குட்மேய்ஸுக்குக் கொண்டுவந்தோம்.

தேவராசா கடையில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். அழைக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் கோபம் வந்தது. கலியாண வீட்டுக்கோ அழைக்கிறாங்கள் என்று கேட்டார். எகிப்தின் கேள்வியைச் சொன்னதும் கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. என்ரை கேஸிலை நீதவானும் அதைத்தான் கேட்டவர்." கொஞ்சம் யோசித்தார். "ஆபத்துத்தான். தெரிஞ்சுதான் போவம். செத்த வீட்டுக்குப் போறவன் தன்ரை உயிரைக் கணக்குப் பாக்கிறேல்லை எண்டு சொல்லு."

"தம் சொந்தப் பொறுப்பில்" என்று பிருந்தா பிரிவில் சேர்த்தாள். எழுதிய ஆங்கிலத்தை அவருக்குப் படித்துக் காட்டினாள். வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்தவர் போல நேராக நிமிர்ந்து கேட்டார். கையெழுத்துப் போடவும் தயாராக இருந்தார். அதற்கு இடம் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயில் கிடையாது என்று பலகை வைத்திருந்தார்கள். தேவராசாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இப்படி நடக்குமா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வேனில் எங்களைக் கொண்டுபோனார். வேனில் முந்தின நாள் கருவாடு வந்திருந்தது. மற்ற நாடுகள் காரில் வந்து இறங்க, பராகுவே வாழைப்பூ படம் வரைந்த வேனில் இருந்து குதித்தது. அன்று காலை முழுவதும் பின்லாந்து தன் நாற்காலியைச் சிறிது சிறிதாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது. கருவாட்டு வாசனை கோட்டில் ஏறினால் இறங்குமா?

மத்தியானம் ஆசிரியர்களுக்குத் தனி அறை. பச்சைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது போன்ற சாண்ட்விச், நடுவில் முட்டையும் புல்லும். நான் மங்கை அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சஞ்சாதத்தைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த வேல்ஸ் நாட்டு ஆசிரியர் வானிலை பற்றிப் பேச்செடுத்தார். வானிலையில் இருந்து மெதுவாகச் சாதத்துக்கு வந்தார். பாதி கொடுத்தேன். பதிலுக்கு அவர் ஒரு ஆப்பிளும் ஒரு ரகசியமும் தந்தார்: பரிசுக் கமிட்டி, தீர்மானத்தில் முதல் பெயராக இருக்கிறவரைத்தான் கவனிக்கும். மேடையேறி அதை எடுத்துப் பேசுகிறவரும் அவர்தான். ஆகவே நார்வேயும் எகிப்தும் ஒரு நாளும் இணைய மாட்டார்கள் என்றார். வருஷா வருஷம் இதே கதைதானாம்.

உள்ளே போய்ப் பார்த்தால் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. பிருந்தா இரண்டு தீர்மானங்களையும் ஒன்றாகச் சேர்த்து முடித்திருந்தாள். ஒவ்வொரு பிரிவுக்கும் இரு பக்கமும் சம்மதம். தேவராசாவின் பிரிவு, நடுத்தர வினைச்சொல்லோடு, ஏழாவதாக நின்றது. எல்லாம் முடிந்து, யார் பெயர் முதலில் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. தீர்மானம் சட்டப்படி செல்லுபடியாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஒரு கட்சி முறுக்கிக்கொண்டாலும் முடிந்தது கதை. நார்வே கையைக் கட்டிக்கொண்டான். எகிப்து மேஜையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் பிருந்தா ஓடி வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"மிஸ், அப்பா கடையில இந்தச் சண்டை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வரும். பொண்ணு வீட்டுப் பேரு மேலயா, மாப்பிள்ளை வீட்டுப் பேரு மேலயான்னு. அப்பா ரெண்டு பத்திரிகை அடிச்சுக் குடுத்துடுவார். உள்ள ஒரே கல்யாணம், ஒரே முகூர்த்தம். அவங்கவங்க பத்திரிகைல அவங்கவங்க மேல."

நான் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன். இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன். எத்தனை உலகப் போர், எத்தனை உடன்படிக்கை. பாலக்கரை அச்சகத்துக்கு எட்டிய வழி அந்த ராஜதந்திரிகளில் ஒருவருக்கும் எட்டவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நார்வே முதலில் இருக்கும்படி ஒன்று, எகிப்து முதலில் இருக்கும்படி ஒன்று, இரண்டு பிரதிகள் தயாராயின. உள்ளே ஒரு காற்புள்ளி கூட மாறவில்லை. அவரவர் பத்திரிகையில் அவரவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தான். விதிப் புத்தகத்தைப் புரட்டினான். ஒரே தீர்மானத்தை இரண்டு தடவை கொடுக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. கடைசியில் ஒன்றுக்கு முதல் தீர்மானம் என்றும் மற்றதற்கு இரண்டாம் தீர்மானம் என்றும் எண் போட்டு வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி குட்மேய்ஸில் கொண்டாட்டம். மங்கை அக்கா பாயசம் வைத்தார். தேவராசா காலிங் கார்டை எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தம்பிக்கே பேசிவிட்டார். தம்பி என்ன கேட்டாரோ, "விளையாட்டுத்தான், சின்னப் பிள்ளையளின்ரை விளையாட்டுத்தான்" என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. வைத்த பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. ரயிலுக்குப் பதிலாக விட்டிருந்த பஸ்ஸில் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். நான் கடைசி வரிசையில், வேல்ஸ் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எலுமிச்சஞ்சாதம் இன்று உண்டா என்பது போல அவர் என் பையைப் பார்த்தார்.

முதலில் முதல் தீர்மானம். நார்வே மேடையேறி நன்றாகவே பேசினான். ஏழாம் பிரிவுக்கு வந்தபோது, மூத்த மகன் கொள்ளி வைக்கும் வழக்கத்தைப் பற்றிக்கூட, பிருந்தா சொல்லிக் கொடுத்தபடி, எடுத்துச் சொன்னான். எகிப்தும் கை தட்டினாள். ஓட்டெடுப்புக்கு முன் தலைவர் விதியைப் படித்தான்: ஒரு தலைப்புக்கு ஒரு தீர்மானம்தான். இது வென்றால் அடுத்தது தானாகவே விழுந்துவிடும்.

இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எகிப்துக்கு உறைத்துவிட்டது. அவள் பின்னால் திரும்பித் தன் கட்சியைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் அரங்கின் இடது பாதி கை தூக்கியது. வலது பாதி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் பராகுவேயின் கை மட்டும் தனியாக நின்றது. முதல் தீர்மானம் தோற்றது.

அடுத்து எகிப்து மேடையேறினாள். அதே தீர்மானம், அதே பிரிவுகள், அதே கொள்ளி. இன்னும் உருக்கமாகவே பேசினாள். நார்வேயின் காது சிவந்திருந்ததை என்னால் பின்வரிசையில் இருந்தே பார்க்க முடிந்தது. இந்தத் தடவை வலது பாதி முழுக்கக் கை தூக்கியது. இடது பாதி கூரையைப் பார்த்தது. பராகுவே மறுபடியும் கை தூக்கியது. அதுவும் தோற்றது.

தான் எழுதியதைத் தானே தோற்கடித்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வேல்ஸ் ஆசிரியர் என்னிடம் குனிந்து, மாநாடு இத்தனை வருஷத்தில் இன்றுதான் அசல் ஐ.நா.வைப் போல இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை அடித்தாலும் தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு வீடும் ஒரே பந்தலில் நிற்கும். இங்கே பந்தலையும் இரண்டாகப் போட்டுவிட்டோம். பிருந்தா எழுந்து நின்று, பெயர்களே இல்லாமல் பிரிவுகளை மட்டும் ஒரு தடவை ஓட்டுக்கு விடுமாறு பராகுவே கேட்டுக்கொள்கிறது என்றாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் முடிந்துவிட்டது, பராகுவே அமரலாம் என்றான். உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னான். பரிசு பின்லாந்துக்குப் போயிற்று. அது மூன்று நாளும் எதிலும் தலையிடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் பிருந்தா பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். தன் யோசனைதான் அந்தப் பிரிவைக் கொன்றது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். தேவராசாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். ராஜதந்திரத்தில் தோல்வியும் ஒரு படிதான் என்பது மாதிரி இரண்டு வாக்கியம் தயார் செய்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

கடை திறந்திருந்தது. அவர் ஒரு அம்மாவுக்கு வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் உடனே கேட்கவில்லை. அந்த அம்மாவை அனுப்பி, தராசைத் துடைத்து, கையைத் துடைத்த பிறகுதான் கேட்டார்.

"என்ன மாதிரிப் பிள்ளை, எங்கடை பிரிவு?"

நான் வாயைத் திறந்தேன். பிருந்தா முந்திக்கொண்டாள்.

"தோத்துடுச்சு அங்கிள்."

தலையை ஆட்டினார். எதிர்பார்த்த செய்தி வந்ததுபோல ஆட்டினார். ஆர் எதிர்த்தவை என்று கேட்டார்.

"உங்க பிரிவை யாருமே எதிர்க்கல அங்கிள். சண்டை பேருக்குத்தான். ரெண்டு தடவை ஓட்டு எடுத்தாங்க. அதுல எல்லா நாடும் ஒரு தடவையாவது அதுக்குக் கை தூக்குச்சு. சேர்ந்து தூக்கல, அவ்ளோதான்."

"எல்லா நாடுமோ?"

"எல்லா நாடும்."

துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெர்மனி?"

"ஜெர்மனியும்தான் அங்கிள். ரெண்டாவது ஓட்டுல."

ஜெர்மனியாக உட்கார்ந்திருந்தது பல்லில் கம்பி கட்டிய ஒரு பள்ளிக்கூடப் பெண் என்பது எங்களைப் போலவே அவருக்கும் தெரியும். துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு கடையின் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"மங்கை, ஜெர்மனி ஓம் எண்டதாம்."